வயிற்றில் போடுகிற மைலோமா ஊசியை ஊரிலேயே போட்டுக்கொள்ளலாமா?

புளியரைக்காரன்:

எங்கள் ஊர் புளியரை, செங்கோட்டையிலிருந்து கேரளா போகிற ரோட்டில் மலை ஏறுவதற்கு முந்தின ஊர். அம்மாவுக்கு 63 வயது. போன வருடம் முழுக்க முதுகுவலி என்று தைலம் தேய்த்து, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தின்று, கடைசியில் ஹீமோகுளோபின் 7க்கு வந்த பிறகுதான் மல்டிபிள் மைலோமா என்று தெரிந்தது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் இருக்கிற பிளாஸ்மா செல் கெட்டுப்போய்ப் பெருகுவது என்று டாக்டர் விளக்கினார். திருவனந்தபுரத்தில் காட்டுகிறோம்.

வாரம் ஒரு தடவை போர்டெசோமிப் ஊசி, வயிற்றில் தோலுக்கு அடியில். கூடவே லெனலிடோமைட் கேப்சூல், டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு மாத்திரை, அசைக்ளோவிர் மாத்திரை. இதுவரை 4 ஊசி ஆகிவிட்டது. என் பிரச்சினை அந்த ஊசியை விட அதற்காகப் போகிற பயணம்தான். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, கோட்டவாசல் வளைவில் லாரிகள் நின்றால் அங்கேயே அரைமணி போய், குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று வளைந்து வளைந்து போய்ச் சேருவதற்குள் அம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடுகிறார். அங்கே ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வந்து, டாக்டர் பார்த்து, மருந்து கலந்து வர மதியம் 3 ஆகிறது. ஊசி போடுவது பத்து நொடிகூட இல்லை! திரும்பி வீட்டுக்கு வர இரவு 9. மறுநாள் முழுக்கப் படுக்கை. நானும் வேலைக்கு வாரம் ஒருநாள் லீவு போட்டு ஆள் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு சிஸ்டர் இருக்கிறார், 20 வருடமாகத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. "இன்சுலின் மாதிரி வயித்துல தானே போடறாங்க, நானே போட்டுடுறேன், எதுக்கு அம்மாவ அலைய விடுற" என்கிறார். மருந்தைத் தென்காசி மெடிக்கலில் வரவழைத்துத் தருகிறேன் என்கிறார்கள். சீட்டில் அளவெல்லாம் இருக்கிறது. இப்படி வீட்டில் யாராவது போட்டிருக்கிறீர்களா? அடுத்த வியாழன் 5வது ஊசி.

இன்னொன்று, அம்மாவுக்கு உள்ளங்கால் ஒரு மாதிரி காந்துகிறது என்று 10 நாளாகச் சொல்கிறார். சர்க்கரையும் இருப்பதால் அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சித்தப்பா நெல்லிக்காய் லேகியமும் க்ரீன் டீ மாத்திரையும் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார், உடம்பு தேறும் என்று. கொடுக்கலாமா?

டேகேர் சிஸ்டர்:

தம்பி, நான் கன்னியாகுமரி மாவட்டம், கீமோ போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிற டேகேர் வார்டில்தான் 11 வருடம். உங்கள் அலைச்சல் புரிகிறது, எங்கள் பக்கமும் எல்லை தாண்டிப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். ஆனாலும் முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் வேண்டாம். உங்கள் பக்கத்து வீட்டு சிஸ்டருக்கு ஊசி குத்தத் தெரியாது என்பதால் இல்லை, என்னைவிட நன்றாகவே குத்துவார். குத்துவதற்கு முன்னால் நடக்கிற அந்த 6 மணி நேரம்தான் சிகிச்சை, பத்து நொடி ஊசி அதன் வால்.

மருந்து வையலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், வெள்ளைத் தூளாக வரும், 3.5 மி.கி. அதை சலைனில் கரைக்க வேண்டும். இங்கேதான் விஷயம். இதே வையலை நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், போடுவதற்கும் கரைக்கலாம், தோலுக்கடியில் போடுவதற்கும் கரைக்கலாம், இரண்டுக்கும் தண்ணீர் அளவு வேறு. நரம்பு வழி என்றால் 3.5 மி.லி. சலைன், அப்போது 1 மி.லி.யில் 1 மி.கி. மருந்து. தோலுக்கடியில் என்றால் 1.4 மி.லி. மட்டும், அப்போது 1 மி.லி.யில் 2.5 மி.கி. கரைத்த பிறகு இரண்டும் பார்க்க ஒன்றுதான், தெளிந்த தண்ணீர். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் எங்கள் வார்டில் கரைத்த கையோடு எந்த வழி, எத்தனை அடர்த்தி என்று லேபிள் ஒட்டாமல் சிரிஞ்சு அறையை விட்டு வெளியே வராது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அளவு உடலின் பரப்பை வைத்து, சதுர மீட்டருக்கு 1.3 மி.கி. உங்கள் அம்மா 150 செ.மீ. உயரம், 52 கிலோ என்று வைத்தால் பரப்பு கிட்டத்தட்ட 1.47. அதாவது 1.9 மி.கி. தோலுக்கடியில் போடுகிற கலவையில் அது 0.76 மி.லி. மட்டும்தான், ஒரு ஸ்பூனில் ஆறில் ஒரு பங்குகூட வராது. யாராவது அவசரத்தில் "ஒரு வையல் ஒரு ஊசி" என்று மொத்த 1.4 மி.லி.யையும் ஏற்றிவிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மருந்து போய்விடும். இரண்டு மடங்குக்கு மேல் போனவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து, ப்ளேட்லெட் இறங்கி உயிரே போயிருக்கிறது என்று மருந்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். மாறாக நரம்புக்குக் கரைக்கிற மாதிரி தண்ணியாகக் கரைத்துவிட்டு 0.76 எடுத்தால் அம்மாவுக்குப் போவது வேண்டியதில் 5ல் 2 பங்கு. யாருக்கும் ஒன்றும் தெரியாது, நோய் மட்டும் அடங்காது. எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம், ஏனென்றால் அது சத்தம் போடாது.

எங்கள் வார்டில் ஒருவர் கணக்குப் போட்டால் இன்னொருவர் சீட்டைப் பார்த்துத் தனியாகத் திரும்பப் போடுவார், முதல் ஆள் போட்டதைப் பார்க்காமல். பல தடவை சலிப்பாக இருக்கும். ஒரு தடவை நானே எடை 62 என்பதை 82 என்று படித்தேன், அடுத்த சிஸ்டர் பிடித்தாள், அதிலிருந்து சலிப்பு இல்லை.

அப்புறம் கலக்குகிற இடம். இது செல்லைக் கொல்கிற மருந்து, திறந்த அறையில் மின்விசிறிக்குக் கீழே கலக்கக் கூடாது. கண்ணாடி முகப்பு வைத்த, காற்றை வடிகட்டி இழுக்கிற பெட்டி இருக்கிறது, அதற்குள் கையை விட்டுத்தான் கலக்குவோம். கையுறை, அங்கி, சிந்தினால் துடைக்கத் தனி பெட்டி. உங்கள் பக்கத்து வீட்டு சிஸ்டர் அடுப்படி மேடையில் கலக்குவார் என்றால் ஆபத்து அவருக்கும்தான், அதுவும் வாராவாரம்.

கால் காந்துவதை இனி சர்க்கரை என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். இந்த மருந்தின் முக்கியமான தொந்தரவே அதுதான், நரம்பு பாதிப்பு. காலில் எறும்பு ஊருவது, மரத்துப்போவது, காந்துவது, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது. சர்க்கரை இருப்பவர்களுக்கு ஏற்கெனவே நரம்பு பலவீனமாக இருக்கும், இன்னும் கவனம் வேண்டும். ரத்தக் குழாயில் போடுவதைவிடத் தோலுக்கடியில் போட்டால் இது குறைவு என்று 2011ல் வெளியான பெரிய ஆய்வில் வந்தது. ரத்தக் குழாய் வழியில் 53 சதவீதம் பேருக்கு வந்தது தோல் வழியில் 38 ஆனது, கடுமையானது மட்டும் எடுத்தால் 16லிருந்து 6. நோய் அடங்குவதில் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகுதான் எல்லோரும் வயிற்றுக்கும் தொடைக்கும் மாறினோம். குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆரம்பத்திலேயே சொன்னால் டாக்டர் 1.3ஐ 1.0 ஆக்குவார், தேவைப்பட்டால் நிறுத்தி வைத்துவிட்டு 0.7ல் தொடங்குவார், பெரும்பாலும் சரியாகிவிடும். ஊசி நின்றுவிடுமோ என்று மறைத்து மறைத்துக் கடைசியில் சட்டை பட்டன் போட முடியாத நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

க்ரீன் டீ மாத்திரை கண்டிப்பாக வேண்டாம். அதில் இருக்கிற ஒரு பொருள் இந்த மருந்தில் உள்ள போரான் பகுதியை நேராகப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும், மருந்து வேலை செய்யாது. அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையும் அப்படித்தான். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் ஊறுகாய் தொட்டுக்கொள்வது வேறு, லேகியம் என்று தினமும் இரண்டு வேளை என்பது வேறு. டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள், சித்தப்பா கோபித்தால் கோபிக்கட்டும்.

ஆலங்குளம் அண்ணாச்சி:

சிஸ்டர் சொல்வதில் தப்பில்லை, ஆனாலும் ரொம்பப் பயமுறுத்துகிறார். எங்கள் மாமாவுக்கு ஊரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் 9 ஊசி போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் திருவனந்தபுரம், வேலூர் என்று ஓட முடியுமா? காசு இருப்பவனுக்கு டேகேர், இல்லாதவனுக்கு என்ன கேர்? அலைந்து அலைந்து பாதி ஊசியை விட்டுவிடுவதைவிடப் பக்கத்தில் போட்டுக்கொள்வது மேல் இல்லையா.

டேகேர் சிஸ்டர்:

அண்ணாச்சி, கடைசி வரி நூற்றுக்கு நூறு. பாதியில் விடுவதைவிடப் பக்கத்தில் போடுவது மேல்தான். நான் வேண்டாம் என்றது வீட்டை, பக்கத்து ஊரை இல்லை. உங்கள் நர்சிங் ஹோமில் ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ரத்த அணு பார்த்தார்களா, இரண்டு ஊசிக்கு நடுவில் 72 மணி நேரமாவது விட்டார்களா, யார் கலந்தார்கள், மயங்கி விழுந்தால் பார்க்க டாக்டர் இருந்தாரா? இத்தனைக்கும் ஆமாம் என்றால் அது நல்ல இடம்தான், சந்தோஷம். 9 தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும்தான் பதில் என்றால், ஹெல்மெட் இல்லாமல் 9 தடவை சுரண்டைக்குப் போய்வந்த கதைதான் அது.

ஆலங்குளம் அண்ணாச்சி:

ரத்தம் பார்த்தார்கள். கலந்தது யார் என்று தெரியாது. கேட்கத் தோன்றவில்லை.

சாரல்காரி:

நான் சங்கரன்கோவில் பக்கம், கட்டிக்கொடுத்தது செங்கோட்டையில். அப்பாவுக்கு இதே நோய், இதே ஊசி, 2 வருடம் ஆகிறது, இப்போது நன்றாக இருக்கிறார். எங்களுக்கு நடந்த இரண்டு கூத்தைச் சொல்கிறேன், இரண்டுமே ஊசி குத்துவதில் நடந்தது இல்லை.

முதலாவது. மூன்றாவது ஊசியோ நாலாவதோ, அப்பாவோடு அத்தை போயிருந்தார், நான் கைக்குழந்தையோடு வீட்டில். வார்டில் இருந்த மலையாளச் சிஸ்டர் வழக்கம்போல ஊசிக்கு முன்னால் கேட்கிற கேள்விகளைக் கேட்டிருக்கிறார். "பனி உண்டோ?" அத்தைக்கு வந்த சந்தேகம், இந்தப் பிள்ளை எதற்கு நம் ஊர் பனியை விசாரிக்கிறது என்று. "இல்ல தாயி, இப்ப சாரல்தான்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் மொழியில் பனி என்றால் காய்ச்சல்! அப்பாவுக்கு முந்தின நாள் ராத்திரி 101 இருந்தது, வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் கூட்டிப் போயிருந்தோம், அதனால் அங்கே தொட்டுப் பார்த்தாலும் சுடவில்லை. நல்லவேளை ரத்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணு தரைமட்டம் என்று வந்து டாக்டர் துருவிக் கேட்டார், ஊசியை நிறுத்தி அன்றைக்கே அட்மிட் போட்டார்கள். கீமோ ஓடுகிறவர்களுக்கு 100.4 டிகிரி தாண்டினால் அது ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம், மாத்திரை போட்டு அமுக்கிவிட்டு விடியட்டும் என்று பார்ப்பதற்கு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மாத்திரைக்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து நான் ஒரு காகிதத்தில் எழுதி அத்தையிடம் கொடுத்துவிடுவேன். காய்ச்சல் என்றால் பனி, மரத்துப்போவது என்றால் மரவிப்பு, ஊறுகிற மாதிரி என்றால் தரிப்பு, காந்துகிறது என்றால் புகச்சில். நம் ஊரில் புகைச்சல் என்றால் தொண்டையிலோ பங்காளிக்குள்ளோ இருப்பது, அங்கே எரிச்சல். புளியரைக்காரர் அம்மாவிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள், "காந்துது" என்று சொன்னால் அங்கே யாருக்கும் விளங்காது, காந்தியைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைப்பார்கள்.

இரண்டாவது. அசைக்ளோவிர் மாத்திரை தீர்ந்தபோது எங்களுக்குத் தெரிந்த ஒருவர் "இது வைரசுக்குக் கொடுக்கறது, மாமாவுக்கு வைரஸ் இல்லையே, எதுக்கு வீணா" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். ஒன்றரை மாதத்தில் விலாவில் ஒரு பக்கமாகக் கொப்பளம் கொப்பளமாகப் போட்டது. பார்த்த உடனே ஊரே சொன்னது அக்கி என்று. வேளார் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காவி குழைத்து அக்கியும் எழுதியாயிற்று. எழுதினால் மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 3 நாள் போய்விட்டது. அக்கிக்கு மருந்தைக் கொப்பளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கொப்பளம் ஆறிய பிறகும் அந்த இடத்தில் சட்டை பட்டால் துடிக்கிற வலி அப்பாவுக்கு 5 மாதம் இருந்தது, புற்றுநோய் வலியே தேவலை என்றார். சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்பில் தூங்கிக்கொண்டே இருக்குமாம், இந்த ஊசி எதிர்ப்பைக் குறைத்தால் எழுந்து வருமாம். அது வராமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. வீட்டில் எந்த மாத்திரை நின்றாலும் இது நிற்கக் கூடாது, டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை.

வாந்திக்கு ஒரு யோசனை. பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போய்ப் பாருங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லம், அங்கிருந்து திருவனந்தபுரம். மீட்டர்கேஜை 2010ல் மூடி, அகலப்பாதை ஆகி 2018ல் திரும்பத் திறந்த பாதை. நேரம் கூடுதல்தான், ஆனால் அப்பா பதிமூணு கண் பாலம் வரும்போது ஜன்னல் பக்கம் எழுந்து உட்கார்ந்துவிடுவார், வாந்தி கிடையாது, பாத்ரூமும் உண்டு. புற்றுநோய் நோயாளிக்கு ரயிலில் சலுகை இருக்கிறது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு அதே வகுப்பில் 75 சதவீதம் குறைவு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு படிவத்தில் எழுதி வாங்க வேண்டும்.

மருந்துக்கடை:

நான் மருந்தாளுநர், மேலே வராத விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மெடிக்கலில் வரவழைத்து வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த வையல் வருகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் இந்த மருந்தை நிறைய கம்பெனிகள் தயாரிக்கின்றன, 3.5 மி.கி.யும் உண்டு, 2 மி.கி.யும் உண்டு. சிஸ்டர் சொன்ன 1.4 மி.லி. கணக்கு 3.5க்கு. 2 மி.கி. வையலில் 1.4 ஊற்றினால் கணக்கே கவிழ்ந்துவிடும். பெட்டிக்குள் இருக்கிற துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், கலக்குகிறவர் பார்க்கட்டும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். வெளிச்சம் படாமல் பெட்டியிலேயே வைத்திருங்கள், எத்தனை டிகிரி என்று மேலே போட்டிருக்கும். கரைத்துவிட்டால் 8 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். திருவனந்தபுரத்தில் கலந்து வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து போடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம், வழியில் கோட்டவாசலில் லாரி நின்றால் என்ன செய்வீர்கள்.

மிச்சம் இருக்கிற மருந்து, ஊசி, பஞ்சு. இதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது என்பது சும்மா சுத்தத்துக்குச் சொல்வது இல்லை. 2016ஆம் வருட மருத்துவக் கழிவு விதிகளில் இந்த வகை மருந்துக் கழிவுக்குத் தனியாக மஞ்சள் பை, 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும் என்றே இருக்கிறது. புளியரையில் அந்த ஊசி கடைசியில் எங்கே போகும்? ஓடைக்கு. அல்லது பழைய இரும்பு பொறுக்க வருகிற பையன் கைக்கு.

வலி மாத்திரை விஷயம், முதல் பதிவில் பார்த்தேன். மைலோமா உள்ளவர்களுக்குக் கிட்னி ஏற்கெனவே திணறிக்கொண்டு இருக்கும், டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைகள் அதை இன்னும் கெடுக்கும். முதுகு வலித்தால் டாக்டர் எழுதினது மட்டும். மெடிக்கலில் வந்து "முதுகு வலிக்கு நல்லதா ரெண்டு குடுங்க" என்று கேட்காதீர்கள். கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, எங்கள் தொழிலை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. டெக்ஸா போடுகிற நாளில் சர்க்கரை ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புளியரைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக சிஸ்டருக்கும் சாரல்காரி அக்காவுக்கும். நேற்று வார்டுக்குப் போன் பண்ணினேன். "புகச்சில்" என்று சொன்னேன், எடுத்தவர் உடனே எந்தக் கால், எவ்வளவு நாள், ராத்திரி தூக்கம் கெடுகிறதா, நடக்கும்போது தடுமாறுகிறாரா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு டாக்டரிடம் கொடுத்தார். வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள், கால் பரிசோதித்துவிட்டு அளவைக் குறைப்பதா என்று முடிவு செய்வார்களாம். க்ரீன் டீ டப்பாவைச் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், இப்போது அவர் குடிக்கிறார்.

பக்கத்து வீட்டு சிஸ்டரிடம் இந்தத் திரியைப் படித்துக் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் 1.4, 3.5 கணக்கைத் திரும்பப் படிக்கச் சொன்னார். "இது எனக்குத் தெரியாதுப்பா, நான் வையல் முழுசா இழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். அவர் அப்படி ஒத்துக்கொண்டதும் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

இன்னொரு கேள்வி. தங்கை 5 மாதம், வளைகாப்புக்கு வீட்டுக்கு வரப்போகிறாள். ஒரே பாத்ரூம். அம்மாவின் மாத்திரைகளை வேளைக்கு எடுத்து வைப்பதும் அவள்தான் வழக்கமாக. அவள் வரலாமா?

டேகேர் சிஸ்டர்:

வரலாம், அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்கலாம், அதில் ஒன்றும் இல்லை. ஊசி போட்ட 48 மணி நேரம் அம்மாவின் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கொஞ்சம் வெளியேறும். அந்த இரண்டு நாள் பாத்ரூமில் மூடி இருந்தால் மூடிவிட்டு இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள், அழுக்குத் துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். அந்த வேலையைத் தங்கை செய்ய வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் சிவந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்த ஊசியை ஒரு அங்குலமாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள், வயிற்றின் இடது, வலது, தொடை என்று மாற்றி மாற்றி. நாங்களே மறந்துவிடுவோம், அம்மாவுக்கு நினைவிருக்கும்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு. மாத்திரை எடுத்து வைப்பது. நீங்கள் ஊசியையே நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள், வீட்டில் அலமாரியில் லெனலிடோமைட் கேப்சூல் இருக்கிறதே, அதைக் கர்ப்பிணி தொடவே கூடாது. வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக் கூடிய வகை மருந்து அது. உடைந்த கேப்சூல் தூள் என்றால் இன்னும் மோசம். இன்றைக்கே தனி டப்பாவில் போட்டு, உயரத்தில் வைத்து, அம்மாவோ நீங்களோ மட்டும் எடுங்கள்.

புளியரைக்காரன்:

வைத்தாயிற்று.

வியாழன் போய்விட்டு வந்து எழுதுகிறேன் என்று சொல்லி 9 நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ரயிலில்தான் போனோம், வாந்தி இல்லை. டாக்டர் காலைச் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்த்தார், பஞ்சால் தடவிப் பார்த்தார், அளவை 1.0 ஆக்கினார். வீட்டில் போடலாமா என்று நான் கேட்க நினைத்ததை நேராகவே கேட்டேன், அவர் கோபப்படவில்லை. முந்தின நாள் தென்காசியில் ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டைப் போனில் அனுப்புங்கள், அணுக்கள் சரியில்லை என்றால் கிளம்பவே வேண்டாம் என்றார். பாதி அலைச்சல் அதிலேயே போயிற்று, இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். திருநெல்வேலியில் புற்றுநோய் டாக்டர் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்கு, மருந்து கலக்கும் பெட்டி இருக்கிறதா என்று அவரே போன் பண்ணிக் கேட்டுவிட்டு, கடிதம் கொடுத்தார். அளவு, எந்த வழி, எந்த அணு எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறது. 3 வாரம் அங்கே, மாதம் ஒரு தடவை திருவனந்தபுரம்.

பக்கத்து வீட்டு சிஸ்டர் இப்போது புதன்கிழமை சாயங்காலம் வந்து காய்ச்சல், பிரஷர் பார்த்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி எந்தக் கால்விரலைத் தொடுகிறேன் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். ஊசி எந்தப் பக்கம் போட்டார்கள் என்பதும் அதே நோட்டில்.

சாரல்காரி:

நல்லது தம்பி. ரயில் சலுகைப் படிவத்தை மட்டும் பாருங்கள், அதில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று எழுதியிருக்கும். திருவனந்தபுரத்துக்கு வாங்கினது திருநெல்வேலி வண்டிக்குச் செல்லாது, அங்கே புதிதாக எழுதி வாங்க வேண்டும். எங்களை ஒரு தடவை கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.